மல்லிகைச் சரத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் ஒயர்

"நஸீமா, எல்லா லைட்டும் ஆடுது லா! பார்க்க அவ்வளவு அழகா இருக்கு. எல்லாம் சரஸ்வதி அருள்தான்!"

கமலா அக்கா போனில் இப்படிக் கூவியபோது என் வாயில் ரொட்டி சானாய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை, சூலியா தெருவில் வழக்கமாகச் சாப்பிடும் கடை, பருப்புக் குழம்பில் முக்கி எடுத்த முதல் விள்ளல். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து இன்டர்நெட் ஒயர் இழுக்கிறவளுக்கு அந்த விள்ளல்தான் ஞாயிற்றுக்கிழமை.

"எல்லா லைட்டும்னா எது அக்கா?"

"நீ வெச்சிட்டுப் போன பெட்டியில இருக்கிற எல்லா லைட்டும். ஒரே நேரத்துல படபடபடன்னு. நீ மாட்டின அன்னிக்கு இப்படி ஆடலையே, ஒண்ணு ரெண்டு மட்டும் சோம்பேறி மாதிரி சிமிட்டிட்டு இருந்துச்சு."

மெல்லுவதை நிறுத்தினேன். எங்கள் தொழிலில் விளக்கு சோம்பேறித்தனமாகச் சிமிட்டினால் வீட்டில் எல்லாரும் நலம் என்று பொருள். எல்லா விளக்கும் சேர்ந்து குதித்தால் எங்கோ பெரிய கோளாறு.

"இன்டர்நெட் வருதா அக்கா?"

"அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அது மட்டும் வரல."

யா அல்லாஹ்! தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கடைக்கார அண்ணன் பின்னாலிருந்து, "ரொட்டி சரியில்லையாம்மா?" என்று கத்தினார். "ரொட்டி சரிண்ணே, பெட்டிதான் சரியில்ல," என்று சொல்லிவிட்டு மோட்டர் சைக்கிளை உதைத்தேன்.

கிராணிகள் வீட்டில் ஒரு வீணை

கமலா அக்காவை இந்தத் தொடருக்குள் இதுவரை நான் கூட்டிவரவில்லை. கூட்டிவந்தால் மற்ற எல்லாரையும் தள்ளிவிட்டு அவரே பக்கம் முழுக்க உட்கார்ந்துகொள்வார் என்ற பயம்தான் காரணம்.

அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல தலைமுறை ஆகிறது. அப்பா கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, மாமனார் கிராணி, கணவர் சிவநேசன் அண்ணன் அரசாங்க ஆபீஸில் கோப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற கிராணி. அக்காவும் ஒரு வக்கீல் ஆபீஸில் கிராணிதான். நடுவில் எப்படியோ அந்த வீட்டுக்குள் ஒரு வீணை நுழைந்துவிட்டது. சின்ன வயதில் பிடித்த வீணையை அக்கா விடவே இல்லை. பகலெல்லாம் ஆபீஸில் கோப்பு, சாயங்காலம் வந்து முகம் கழுவிக்கொண்டு வீணை.

எல்லாரும் வீடியோவில் படிக்கப் பழகிவிட்ட பிறகு அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே உலகத்துக்கெல்லாம் வீணை சொல்லித்தர வேண்டும். ஈப்போவிலும் ஜொகூரிலும் மெல்பர்னிலும் இருந்து பிள்ளைகள் பேர் கொடுத்துவிட்டார்கள். விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு முதல் வகுப்பு. புதிதாக எதையும் படிக்கத் தொடங்க அவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாதாம். நல்ல நேரமும் பத்தரை வரைக்கும்தானாம்.

சிவநேசன் அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தானே கமலா, அது வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. அந்த வீட்டில் பேச்சு இல்லையென்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் ஒயர் இழுத்த அன்று அக்கா என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார். "முதல் வகுப்பு நல்லா நடந்தா மறுநாளே ஆபீஸ்ல சொல்லிடுவேன் நஸீமா. நடக்கலைன்னா ஃபைலோட ஃபைலா நானும் உட்கார்ந்துட வேண்டியதுதான். ரெண்டாவது தடவை இவர்கிட்ட கேட்க எனக்குத் தெம்பு இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் விரல் மேசைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானும் பெரிய தைரியசாலி மாதிரி, "என்மேல விடுங்க அக்கா, தேன் மாதிரி ஓடும்," என்று வாய் விட்டுவிட்டேன்.

காற்றில் வருவதற்கு எதற்கு ஒயர்?

"வைஃபை காற்றிலேயே வருகிறதே, நீங்கள் எதற்கு இன்னும் ஒயரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று பட்டர்வர்த் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, உங்கள் வீடு புது அடுக்குமாடியாக இருக்கும். கமலா அக்கா வீடு அந்தக் காலத்துக் கடைவீட்டின் மாடி. குறுகலான முகப்பு, உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் நடுவில் முழங்கை நீளத்துக்குத் தடித்த செங்கல் சுவர். வைஃபை என்பது வெறும் ரேடியோ அலை. அந்தச் சுவர் அதை அப்படியே விழுங்கி ஏப்பம் விடும். நடு அறையில் இருக்கிற பெட்டியின் வைஃபை பின்னறைவரைக்கும் தட்டுத்தடுமாறி வரும், முன்னறைக்கு வரவே வராது.

வீணை இருந்ததோ முன்னறையில். அங்கே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கேமரா. ஒன்று அக்காவின் முகத்துக்கு, ஒன்று விரல்களுக்கு. பக்கத்து அறையில் பிரின்டர். பாட்டு நடுவில் படம் உறைந்து நின்றால் வீணை வகுப்பு சுடுகாடு ஆகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒயர்.

அந்த ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு எங்கள் தொழிலில் ஸ்விட்ச் என்று பெயர். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. வரிசையாகத் துளைகள் உள்ள சின்ன இரும்புப் பெட்டி. ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி விளக்கு. அதன் பக்கத்திலேயே வெளியுலகத்துக்கு வழிகாட்டும் ரௌட்டர். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் கொடுப்பது ரௌட்டரின் வேலை. எந்த முகவரிக்காரர் எந்தத் துளையில் இருக்கிறார் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, அவருக்கு வந்ததை அவரிடம் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பது ஸ்விட்சின் வேலை.

அவ்வளவுதான் சங்கதி. இதைத்தான் பெரிய பெரிய புத்தகமாகப் போட்டு நம்மைப் பயமுறுத்துகிறார்கள்.

ஒரு துளையில் குட்டையான மஞ்சள் ஒயர் ஒன்றைச் செருகி, மறுமுனையைச் சும்மா தொங்கவிட்டிருந்தேன். நான் பரிசோதிக்க வரும்போது என் லேப்டாப்பை அதில் மாட்டிக்கொள்ள. இந்த மஞ்சள் ஒயரை மறந்துவிடாதீர்கள்.

சாமி மேடையில் பெட்டி

வெள்ளிக்கிழமை எல்லாம் மாட்டி, ஓட்டிப் பார்த்து, கிளம்பும்போது அக்கா வாசலில் நிறுத்தினார். மறுநாள் சரஸ்வதி பூஜை. வீணை, புத்தகம், தொழில் சாமான் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் அடுக்கி வைப்பார்களாம். அன்று அவற்றைத் தொட்டு வேலை செய்யக் கூடாதாம்.

"இந்தப் பெட்டியையும் கழட்டி வைக்கலாமா நஸீமா? இனிமே என் தொழில் சாமான்ல இதுவும் ஒண்ணுதானே?"

"என்கிட்ட கேட்டா நான் என்னக்கா சொல்றது? உங்க சாமி, உங்க பெட்டி. தண்ணி மட்டும் தெளிச்சிடாதீங்க," என்றேன். எந்த ஒயர் எங்கே என்று எல்லாவற்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தேன். மறுபடி மாட்டுவது சுலபம். சிவநேசன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒட்டுத்தாளையும் படித்துப் பார்த்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நான் கட்டிக்கொடுத்த பெட்டிக்குச் சந்தனம் குங்குமமா! எத்தனையோ கம்பெனிகளில் வேலை செய்திருக்கிறேன், எவனும் என் பெட்டிக்கு ஒரு பூ வைத்ததில்லை.

தே தாரிக் ஒண்ணு!

மோட்டரில் போய்க்கொண்டே காதில் மாட்டிய கருவியில், ரொட்டியைப் பாதியில் விட்டு வந்த புலம்பலோடு, அக்காவுக்கு வழி சொன்னேன். பிளக்கைப் பிடுங்குங்கள், கொஞ்சம் பொறுத்து மாட்டுங்கள். உலகத்தில் பாதி நோய்க்கு அதுதான் மருந்து.

"வந்துடுச்சு! வந்துடுச்சு நஸீமா! ஈப்போ பிள்ளை முகம் தெரியுது!" என்று அக்கா கத்தினார். நான் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லி முடிப்பதற்குள், "போயிடுச்சு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லைன் கொடுக்கிறவர்கள்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டேன். சிவப்பு விளக்கில் நின்றபடி அவர்களைக் கூப்பிட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் இசையோடு சொல்லிக்கொண்டே இருந்தது. "முக்கியம்னா எடுங்கடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கடைசியில் எடுத்த பிள்ளை பாவம், பொறுமையாகப் பார்த்துச் சொன்னது. "அக்கா, உங்க லைன் நல்லா இருக்கு. வீட்டுக்குள்ளதான் ஏதோ."

வீட்டுக்குள்தானா! நான் கட்டிய வீட்டுக்குள்ளா! முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சுற்றுலாப் பயணிகள் கூட்டம். ஒருத்தி நடுரோட்டில் நின்று சுவரோவியத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாரனை அழுத்திக்கொண்டு காத்திருந்த நேரத்தில் எதிரே என் மாமாவின் பழைய நாசி கண்டார் சோற்றுக் கடை கண்ணில் பட்டது. இப்போது அங்கே வேறு யாரோ நடத்துகிறார்கள்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம். யாராவது எதையாவது கேட்டால் ஆர்டர் எடுக்கிறவர் உரக்கச் சொல்வார். தே, அதாவது டீ, ஆற்றுகிற காதர் அண்ணன் கடைசி மூலையில், விசிறிச் சத்தத்தில் இருப்பார். அவர் காதில் விழாது. அதனால் நடுவில் நிற்கிறவர் அதையே திரும்பக் கூவுவார். பல வருஷம் ஒழுங்காக நடந்த ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் நெரிகிற நேரம். மாமா புதிதாக இரண்டு ஆட்களைச் சேர்த்திருந்தார். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே அஞ்சடி நடைபாதையில். இரண்டு பேருமே பயபக்தியுள்ளவர்கள். எதையும் தவறவிடக் கூடாது என்ற துடிப்பு. ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் கேட்டார். வெளியே இருந்தவர் "தே தாரிக் ஒண்ணு!" என்றார். உள்ளே இருந்தவர் அதைத் திரும்பக் கூவினார். வெளியே இருந்தவருக்கு அது புது ஆர்டராகக் கேட்டது. விடுவாரா? "தே தாரிக் ஒண்ணு!" உள்ளே இருந்தவரும் விடுவாரா?

காதர் அண்ணன் ஆற்றுகிறார், ஆற்றுகிறார், ஆற்றிக்கொண்டே இருக்கிறார். மேசை நிரம்பிவிட்டது. கை ஓயவில்லை. நடுவில் மீன் தலை கேட்டவருக்கும் கோழி கேட்டவருக்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. மாமா கல்லாவை விட்டு இறங்கி வந்து, "எவன்டா இத்தனை தே கேட்டது?" என்று கர்ஜித்தார். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். அந்தப் பெரியவர் மட்டும் முதல் தேயை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அன்று அந்தச் சாலையில் போனவர் வந்தவர் எல்லாருக்கும் தே இலவசம். சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவர் மூன்று குடித்துவிட்டு மாமாவுக்கு துஆ செய்துவிட்டுப் போனார்.

அதை நினைத்து ஹெல்மெட்டுக்குள் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக மனசில் ஏதோ இடறியது. ஆனால் அது என்ன என்று அப்போது பிடிபடவில்லை. படம் எடுத்தவள் ஒதுங்கிவிட்டாள், நான் பறந்தேன்.

தொடலாமா அக்கா?

மாடிப்படி ஏறும்போதே சந்தனமும் சாம்பிராணியும் கடலைச் சுண்டலும் கலந்த மணம். பச்சைப் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, மடியில் வீணையோடு அக்கா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததே இல்லை. எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க நஸீமா. மெல்பர்ன் அம்மா மெசேஜ் மேல மெசேஜ் போடுறாங்க." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஆகிவிட்டிருந்தது. "பரவாயில்ல விடு. நாளைக்கு ஆபீஸ் புடவையை எடுத்து அயர்ன் பண்ண வேண்டியதுதான்."

பரவாயில்லை என்று அவர் சொன்ன விதம் எனக்குத் தாங்கவில்லை. நடு அறைக்கு ஓடினேன்.

மாஷா அல்லாஹ்! என் பெட்டி கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். முன்பக்கம் முழுக்க மல்லிகைச் சரத்தை நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து விளக்குகள் வெறி பிடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தன.

கை நீட்டிவிட்டு நிறுத்தினேன். "தொடலாமா அக்கா?"

"உன் கை படாம இதுல என்ன இருக்கு? நீ கட்டினதுதானே. தொடு லா!"

பூவைக் கசக்காமல், சரத்துக்கு வெளியே தெரிந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். கேமராவைப் பிடுங்கினேன், ஆட்டம் நிற்கவில்லை. இன்னொரு கேமரா, நிற்கவில்லை. பிரின்டர், நிற்கவில்லை. கம்ப்யூட்டரையே பிடுங்கினேன். யாரும் பேசாத வீட்டில் பெட்டி மட்டும் தனக்குத்தானே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

பின்னால் சிவநேசன் அண்ணன் வந்து நின்றார். புது வேட்டி, நெற்றி நிறைய விபூதி. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாட்டுனதுல தப்பு இருக்காது தங்கச்சி. நீங்க ஒட்டியிருந்த பேரைப் படிச்சுப் படிச்சு நானேதான் மாட்டினேன். காலையில எழுந்து ஒவ்வொரு ஓட்டையையும் பஞ்சு வெச்சுத் துடைச்சேன். ஒரு ஒயரைக்கூட விடல."

"ஒண்ணுகூட விடலையா?"

"ஓம். ஒண்ணுகூட."

"அண்ணே, ஒரு மஞ்சள் ஒயர் இருந்துச்சே. குட்டையா."

"அதுவா?" என்று அவர் முகம் மலர்ந்தது. "அது ஒரு பக்கம் மட்டும் மாட்டி, மத்தப் பக்கம் அனாதை மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா சாமி முன்னால அப்படித் தொங்கலாமா? பக்கத்துலேயே ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு. அதுல சொருகிட்டேன். சரியாப் பொருந்துச்சு."

தே தாரிக் ஒண்ணு!

வேணும்னு செய்யல

மல்லிகைச் சரத்தை மெல்லத் தூக்கினேன். கீழே மஞ்சள் ஒயர், இரண்டு முனையும் அதே பெட்டியின் இரண்டு துளைகளில், அழகாக வளைந்து உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். யாருடைய முகவரியாவது தெரியாவிட்டால் ஸ்விட்ச் என்ன செய்யும் தெரியுமா? எல்லாத் துளையிலும் ஒரே கூவலாகக் கூவிக் கேட்கும். அந்தக் கூவல் மஞ்சள் ஒயரின் ஒரு முனையில் வெளியே போய், மறுமுனை வழியாகத் திரும்ப உள்ளேயே வந்துவிட்டது. புது ஆள் கூவுகிறான் என்று நினைத்து ஸ்விட்ச் அதை மறுபடி கூவியது. அதுவும் சுற்றி வந்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் முதல் கூவல் வரும்வரை கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் மறுபடி கூச்சல். இந்த அமளியில் ஈப்போ பிள்ளையின் முகம் எங்கே வரும்?

மஞ்சள் ஒயரின் ஒரு முனையைப் பிடுங்கினேன். மற்றவற்றைத் திரும்ப மாட்டினேன். பெட்டியின் எல்லா விளக்கும் ஒரு மூச்சு அணைந்த மாதிரி இருந்து, அப்புறம் ஒவ்வொன்றாகச் சோம்பேறித்தனமாகச் சிமிட்ட ஆரம்பித்தது.

அந்தச் சிமிட்டலைப் பார்க்கும்போதெல்லாம் புக்கிட் தெங்கா தொழிற்சாலை நினைவு வரும். அங்கேதான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். தலைமுடி மாதிரி மெல்லிய எட்டுக் கம்பிகளை நிறம் பார்த்து வரிசையாக அடுக்கி, முனையில் சின்ன பிளாஸ்டிக் பிளக் வைத்து நெருக்க வேண்டும். எத்தனையோ முனையைக் கெடுத்த பிறகு என் முதல் ஒயருக்குப் பச்சை விளக்கு எரிந்தபோது, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நான் போட்ட குலவையில் மேலாளர் ஓடி வந்தார், யாருக்கோ கை போய்விட்டது என்று. இன்றைக்கும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறையவில்லை. ஒரு விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள்.

"வந்துடுச்சு!" முன்னறையிலிருந்து அக்காவின் குரல். "எல்லாரும் வந்துட்டாங்க நஸீமா! என்னதான் ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிவநேசன் அண்ணன் முன்னறை வாசலில் போய் நின்றார். மஞ்சள் ஒயரை எதற்குப் பிடுங்கினேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான்தான் கமலா. தொங்கிட்டு இருந்த ஒயரை நான்தான் சொருகினேன்." வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டார். "நான் வேணும்னு செய்யல."

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. வகுப்பு நடக்காமல் போனால் அவர் கேட்ட மாதிரியே ஆகியிருக்கும். ஓய்வு பெறும் வரைக்கும் அக்கா கோப்போடு இருந்திருப்பார். தான் குறுக்கே கால் போட்டதாக அக்கா நினைத்துவிடுவாரோ என்று அந்த மனுஷன் நடுங்குகிறார். விடியற்காலையில் எழுந்து பஞ்சு வைத்துத் துளைகளைத் துடைத்த மனுஷன்!

அக்கா அவரையே பார்த்தார். பிறகு வீணை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"வேணும்னு செய்யுற அளவுக்கு உங்களுக்கு ஒயர் தெரிஞ்சிருந்தா நீங்க என்னைக்கோ நஸீமா பின்னால மோட்டர்ல போயிருப்பீங்க லா! போங்க, அவளுக்குச் சுண்டல் எடுத்துக் குடுங்க. ரொட்டியைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கா."

திரையில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். மைக் திறந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

காத்தாடி மாணவர்

"வணக்கம் பிள்ளைங்களா. நான் கமலா டீச்சர்."

டீச்சர் என்று தன்னைத்தானே அவர் சொல்லிக்கொண்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. கிராணி என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல நேரத்துக்குள் முதல் ஸ்வரம் விழுந்தது. பிள்ளைகள் தத்தம் வீட்டில் தப்பும் தவறுமாகத் தந்தியை இழுக்க, அக்கா விரலைக் கேமராவுக்குக் காட்டிக் காட்டித் திருத்தினார்.

நான் கதவோரம் நாற்காலியில் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். கொஞ்ச நேரம் கழித்துப் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. அதில் முகம் இல்லை. கூரையில் ஒரு காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கைகளில் ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார். அவருடைய விரல் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்போது பார்த்துத் தொடங்கியது கோளாறு. அக்கா "ச" என்று பாடினால் கொஞ்சம் தள்ளி இன்னொரு "ச" வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள். மெல்பர்ன் பிள்ளை, "டீச்சர், யாரோ உங்களைத் திரும்பச் சொல்றாங்க," என்றது.

அடக் கடவுளே, மறுபடியும் சுற்றலா! காத்தாடி வீட்டுக்காரர் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் வரும் அக்காவின் குரல் அவருடைய மைக் வழியாக நுழைந்து இங்கேயே திரும்பி வருகிறது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. நிறம் மாறிய இறக்கையோடு காத்தாடி அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பாயில் சிவநேசன் அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மல்லாந்து கிடந்த போன். மடியில் ஆபீஸ் காலத்து நீள மர ரூலர். அதை வீணையாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இடது கை விரலை அந்த அளவுக் கோடுகளின்மேல் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

குனிந்து அவருடைய மைக்கை அணைத்தேன். முன்னறையில் இரட்டைக் குரல் நின்றது. போனை எடுத்துத் தலையணையில் அவரைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். ரூலரை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

"நாளைக்கு அவளை ஆபீசுக்கு நானே கூட்டிட்டுப் போறேன் தங்கச்சி. சொல்லிட்டு வரட்டும்." பிறகு ரூலரை மடியில் நேராக வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "இது வேணும்னுதான் செஞ்சேன்."

போனிலிருந்து கமலா டீச்சரின் குரல் வந்தது.

"காத்தாடி வீட்டு மாணவரே, இடது கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க."

தூக்கினார்.